பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: மாமா வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே செமி ஆட்டோமேட்டிக் ரைபிளோடு மான் வேட்டைக்குப் போகிறாராம். எங்கள் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுது தள்ளுகிறது. நானும் ஒன்று வாங்கலாமா? எது நல்லது?
- ஒரு வாசகர், பள்ளிகொண்டா

பதில்: விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, வெற்றுத் தோட்டா தானே வெளியே தெறிக்க, அடுத்தது தானே உள்ளே ஏறும். அதற்குப் பிறகு நீங்களும் உள்ளே ஏறலாம், போலீஸ் வண்டியில். நம் ஆயுதச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ரகம். வைத்திருந்தாலே குறைந்தது 7 ஆண்டு, கூடிப்போனால் 14. 2019 திருத்தத்தின் தயவு.

பயிரைக் காக்க என்று கேட்டால், கலெக்டர் மனது வைத்தால், குழல் வாய் வழியே மருந்து கிட்டிக்கிற பழைய துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. நீங்கள் கிட்டித்து முடிப்பதற்குள் பன்றி கடலையைத் தின்றுவிட்டு அடுத்த கொல்லைக்குப் போயிருக்கும். போகட்டும், அந்த உரிமமும் சுடுவதற்கு அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்கே பூட்டுப் போட்டுவிட்டது.

2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டினால் சுடலாம். சுடுவது வனத்துறை, நீங்கள் அல்ல. ஆகவே ரைபிள் கடையை விட்டுவிட்டு, கொல்லைக்கும் காட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்துகொண்டு வனச்சரகர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். மாமாவிடம் நல்ல டார்ச் லைட் மட்டும் கேளுங்கள்.