கையில் எவ்வளவு வரும், தம்பி?

"நம்ம பையனுக்கு முப்பத்திரண்டு" என்றார் போன வாரம் கல்யாணப் பந்தியில் ஒரு தகப்பனார், யாரும் கேட்காமலே. எதிர் இலைப் பெரியவர், "அடடா, இன்னும் வரன் அமையலையா?" என்று உருகிப்போனார். லட்சக் கணக்கு அவருக்கு விளங்குவதற்குள் பாயசம் ஆறிவிட்டது. இந்தக் கட்டுரைக்காரரின் எரிச்சல்தான் ஆறவில்லை.

எம்.பி.ஏ. மாணவர்கள் வேலையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விளக்குவதாகத்தான் ஏற்பாடு. அதற்கு முன், ஆஃபர்களுக்கு மார்க் போட அவர்கள் வைத்திருக்கும் எக்ஸெல் தாளைப் பார்த்துவிட வேண்டும். வேலை, பிராண்ட், ஊர், கடைசியில் 'எக்ஸிட் ஆப்ஷன்ஸ்'. உள்ளே போகுமுன்பே வெளியே வரும் வழிக்கு மார்க்!

முப்பத்திரண்டுக்கு வருவோம். அது சிடிசி. அதாவது, பையனால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. பி.எஃப்.க்கு நிறுவனம் கட்டும் 12 சதவீதம் அதில் அடக்கம். கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதுவும் அடக்கம். சட்டப்படி அதைக் கையில் வாங்க நிரந்தர ஊழியர் 5 வருஷம் வேலை பார்க்க வேண்டும். பையனின் தாளிலோ இரண்டாம் வருஷமே எக்ஸிட். ஜாயினிங் போனஸ் உண்டு, சீக்கிரம் கிளம்பினால் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வேரியபிள்' உண்டு, கம்பெனியும் மேனேஜரும் மனது வைத்தால். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் சம்பளம்தான். காய்ச்சல் வந்தால் அனுபவிக்கலாம். உட்காரும் நாற்காலியின் தேய்மானத்தை ஏன் விட்டார்கள் என்பது தெரியவில்லை. யோசனை சொன்னால் சேர்த்துவிடுவார்கள்.

அகமதாபாத் ஐ.ஐ.எம். இந்தக் கணக்கைப் பார்த்துதானோ என்னவோ, வேலைவாய்ப்பு அறிக்கைக்கென ஒரு விதிமுறையே வகுத்தது. உறுதியாக வரும் ரொக்கம் தனி, எல்லாம் கூடிவந்தால் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் தனி. பந்தி வரைக்கும் வந்து சேர்வது அந்த இரண்டாவது எண்தான். கல்விக் கடன் கொடுத்த வங்கி மேனேஜருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். படிப்புக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும் இடத்தில், கடன் தவணையைக் கிராஜுவிட்டியில் பிடித்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

இத்தனை பத்தி போட்ட அந்த எக்ஸெல் தாளில் வரிசை எத்தனை? அநேகமாக ஒன்று. பல வளாகங்களில் ஒரு ஆஃபர் கைக்கு வந்ததும் ஆள் ஆட்டத்திலிருந்து அவுட். கோடைப் பயிற்சியிலேயே பி.பி.ஓ. (முன்கூட்டியே வரும் வேலை ஆஃபர்) வாங்கியவர்களுக்குத்தான் வைத்துக்கொள்வதா விடுவதா என்ற நிஜமான தலைவலி. அகமதாபாத்தில் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டே 'ட்ரீம்' நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. எந்த நிறுவனம் என்று கேட்டால், பெரும்பாலும் பக்கத்து ரூம்காரன் விண்ணப்பித்திருக்கும் அதே நிறுவனம்தான்.