கிரவுண்ட் கொடுத்தியா?

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கல்லூரி லேபில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கம்ப்யூட்டரோடு பேசிவிட்டால் அது ஊர்த் திருவிழா. பக்கத்து டேபிள்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது பேசாது, உளறும். ஹைப்பர்டெர்மினலின் வெள்ளைத் திரையில் ‘ஹலோ’ வர வேண்டிய இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓர் எழுத்து, ஒரு பவுண்டு குறி, எந்த நாட்டு மொழி என்றே தெரியாத நாலு கிறுக்கல். அந்தக் கிறுக்கலைப் பார்த்தே “இது பாட் ரேட் தப்பு” என்று நோய் சொல்லக்கூடிய சீனியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு டீ வாங்கித் தருவது வழக்கம்.

இன்று என் அக்கா பையனின் ஆர்டுயினோ பேசாவிட்டால் யாரும் எழுந்து வருவதில்லை. திரையே நல்ல ஆங்கிலத்தில் தகவல் சொல்கிறது: எதிர்முனை பதில் தரவில்லை, முயற்சி ஒன்று, முயற்சி இரண்டு என்று பத்து வரை எண்ணிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. நாங்கள் குப்பையைப் பார்த்துக் காரணத்தை ஊகித்தோம். இவன் விளக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறான். முன்னேற்றம்தான்.

அப்போதைய முதல் எதிரி கிரிஸ்டல். 89சி51 சிப்புக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும் என்று சீனியர் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால், “பன்னெண்டுதான் இருக்கு தம்பி. பாயின்டுக்குப் பின்னாடி இருக்கறதையெல்லாம் எவன் பாக்குறான்?” என்பார் கடைக்காரர். சிப் பார்க்கும். 11.0592-ஐ முதலில் 12-ஆலும் பிறகு 32-ஆலும் வகுத்தால் நொடிக்கு 28,800 வரும். அதை மூன்றால் வகுத்தால் பிசிறில்லாமல் 9600, கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய வேகம். அதே கணக்கை 12 மெகாஹெர்ட்ஸில் போட்டால் 10,417. எட்டரை சதவீதம் அதிகம்.

சீரியல் இணைப்பில் இரு முனைக்கும் பொதுவான கடிகாரக் கம்பி கிடையாது. ஸ்டார்ட் பிட் வந்ததும் தாளம் தொடங்கியதாக வைத்துக்கொண்டு, பாடகரும் மிருதங்கக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பத்து தட்டு எண்ண வேண்டும். பத்தாவது தட்டில் அரைத் தட்டு விலகினால் கச்சேரி கெட்டது. ஆக, மொத்தம் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கினால்தான் பிழைப்பு. எட்டரையில் கடைசி பிட்டுகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் கடைக்காரரோடு சண்டை போடாமல் வேகத்தை 2400 ஆக்கிக்கொண்டார்கள். அங்கே 12 மெகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட பிசகாமல் வகுபடும்.

இதெல்லாம் போன நூற்றாண்டுக் கதை என்று பையன் சிரித்தான். பிறகு ஒருநாள் அவனுடைய இஎஸ்பி8266 போர்டு ஆன் செய்ததும் திரையில் அதே பழைய கிறுக்கல். அதன் பூட் செய்தி 74,880 என்கிற விநோத வேகத்தில் வரும். காரணம்? சிப்புக்குள் எழுதியிருக்கும் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நம்பி 115200-க்குக் கணக்குப் போடுகிறது. போர்டில் இருப்பதோ 26. 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்துப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரின் தத்துவம் இப்போது சிலிக்கானிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது எதிரி கேபிள். 1960-இல் பிறந்த ஆர்எஸ்-232 முறையில் ‘ஒன்று’ என்றால் மைனஸ் வோல்ட், ‘பூஜ்யம்’ என்றால் பிளஸ் வோல்ட். ஐந்து வோல்ட் சிப்புக்கும் அதற்கும் துபாஷியாக மேக்ஸ்232 உட்காரும். அதைச் சுற்றி நான்கு கெப்பாசிட்டர். ஆறாவது காலில் இருப்பதற்கு மட்டும் பிளஸ் முனை கிரவுண்டுக்குப் போக வேண்டும். அந்த ஒன்றைத்தான் வகுப்பில் பாதிப் பேர் திருப்பி வைப்பார்கள். அடுத்தது ஒன்பது பின் கனெக்டர்: இரண்டில் வாங்கி, மூன்றில் கொடுத்து, ஐந்தில் கிரவுண்ட். நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. சந்தேகம் வந்தால் இரண்டையும் மூன்றையும் சேஃப்டி பின்னால் சேர்த்துவிட்டுத் தட்டச்சு செய்வோம். அடித்த எழுத்து திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் யோக்கியம், குற்றவாளி இந்தப் பக்கம்.

இப்போது ஒன்பது பின்னே லேப்டாப்பில் இல்லை. எல்லாம் யுஎஸ்பி. கம்ப்யூட்டர் கேபிளில் குறுக்கா நேரா என்ற குழப்பம் ஒழிந்தது. பதிலுக்கு, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் வந்திருக்கிறது. உள்ளே டேட்டா கம்பியே இருக்காது, ஆனால் போர்டில் விளக்கு ஜம்மென்று எரியும். விளக்கு எரியும்போது கேபிளைச் சந்தேகிக்க எவனுக்கு மனசு வரும்?

டிரைவர் என்ற புது தெய்வமும் சேர்ந்துகொண்டது. 2014-இல், யுஎஸ்பியை சீரியலாக்கும் சிப் செய்கிற எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. நேற்றுவரை வேலை செய்த போர்டுகளைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. கூச்சல் எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். 2016-இல் வந்த இன்னொன்று, போலி சிப்பைக் கண்டால் நாம் கேட்ட தரவுக்குப் பதிலாக ‘இது அசல் சாதனம் அல்ல’ என்று ஆங்கிலத்தில் அனுப்பியது. சீரியல் பிழைகளின் வரலாற்றில் உண்மையான காரணத்தை ஒரு வரியில் ஒளிவுமறைவின்றிச் சொன்ன பிழை அநேகமாக அது ஒன்றுதான். அதற்கும் திட்டுதான் விழுந்தது.

சென்ற விடுமுறையில் பையன் ஒரு ஜிபிஎஸ் மாட்யூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். டாலர் குறியோடு தொடங்கும் வரிகள் வர வேண்டும். வந்தது கிறுக்கல். காலையிலிருந்து நிரலை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தான். லைப்ரரியை மாற்றினான், வேகத்தை மாற்றினான், செயற்கை நுண்ணறிவைக் கேட்டான். அது மளமளவென்று ஒரு டஜன் காரணங்களைப் பட்டியலிட்டது. ‘கிரவுண்டைச் சரிபார்க்கவும்’ என்பதும் அதில் ஒன்பதாவதாக இருந்தது. அவன் மூன்றோடு நிறுத்தியிருந்தான்.

“கிரவுண்ட் கொடுத்தியாடா?” என்றேன்.

“மாமா, ப்ராப்ளம் கோட்லதான் இருக்கு.”

“மாட்யூலுக்கு பவர் எங்கேருந்து?”

“பவர் பேங்க்.”

“ஆர்டுயினோவுக்கு?”

“லேப்டாப்.”

“ரெண்டுக்கும் நடுவுல?”

பதில் சொல்லாமல் ஒரு ஜம்பர் கம்பியை எடுத்தான். இரண்டு கிரவுண்டையும் சேர்த்ததும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. “எப்படி மாமா பாக்காமயே சொன்னீங்க?” என்று கேட்டான். அனுபவம் என்றேன். முதலில் கிரவுண்ட், அடுத்து குறுக்கு, பிறகு வேகம், கடைசியில்தான் நிரல் என்று ஒரு வரிசையும் சொல்லிக் கொடுத்தேன். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அந்த வரிசை பிறந்த கதையை மட்டும் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் நிரலில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் நாற்பது கால் சிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்க வேண்டும். இரண்டு கால் வளையும். வகுப்புக்கே ஒரு புரோகிராமர்தான், அதுவும் லேப் அசிஸ்டென்டின் பூட்டிய பீரோவுக்குள். அவர் சாப்பிட்டு வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவு பாடுபடச் சோம்பல்பட்டுத்தான் உட்கார்ந்த இடத்தில் கைக்கு எட்டிய கம்பிகளை முதலில் தடவிப் பார்த்தோம். பிழை பெரும்பாலும் கம்பியில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இவனுக்கு நிரல் சில நொடியில் ஏறிவிடுகிறது, கம்பி தேடத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். அதனால் இவன் நிரலைத் தடவுகிறான். சோம்பல் இரண்டு தலைமுறைக்கும் ஒன்றுதான். என்னுடையதற்கு வயதாகிவிட்டதால் அனுபவம் என்று பெயர் வாங்கிவிட்டது.