68 ஓம் சாலேல்!

கே: எல்எம்317 சிப்பை வைத்து எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட் போடக் கணக்குப் பார்த்தேன். 62.5 ஓம் வந்தது. புனே புத்வார் பேட் தாப்கீர் கல்லியில் கேட்டால், "68 இருக்கு, சாலேல்" என்று கையில் திணிக்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
(கோத்ரூட் வாசகர்)

ப: தாராளமாக. மராத்தியில் 'சாலேல்' என்றால் 'ஓடும், பரவாயில்லை'. இந்த விஷயத்தில் எலக்ட்ரானிக்ஸும் அதையேதான் சொல்கிறது. எல்எம்317 தன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 1.25 வோல்ட்டை விடாப்பிடியாக வைத்திருக்கும். அதை ஓமால் வகுத்தால் கரண்ட். 62.5க்கு 20 மில்லி, 68க்கு 18.4. வெளிச்சத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் உங்கள் கண்ணுக்குச் சுற்றிப் போடவேண்டும். அந்த 1.25 என்பதே சிப்புக்குச் சிப்பு 1.20 முதல் 1.30 வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் அரை ஓமுக்கு அலைவது, புளி நிறுக்கத் தங்கத் தராசு தேடுகிற கதை. சந்தேகமா, ஓமைக் கூட்டியே வாங்குங்கள். எல்.இ.டி. கொஞ்சம் மங்கும், சாகாது.

கே: அதே சர்க்யூட்தான். 1 வாட் எல்.இ.டி.க்கு 350 மில்லி கொடுக்க 3.6 ஓம் போட்டேன். கணக்கு சரி, மல்டிமீட்டரும் சரி என்கிறது. ரெசிஸ்டர் மட்டும் கருகிப்போகிறதே?
(ஹடப்சர் வாசகர்)

ப: ஓமைக் கேட்டு வாங்கினீர்கள், வாட்டைக் கேட்டீர்களா? 1.25 வோல்ட்டை 0.35 ஆம்பியரால் பெருக்குங்கள்: 0.44 வாட். கேட்காமல் வாங்கினால் கடையில் கிடைப்பது கால் வாட். கருகாமல் என்ன செய்யும்? 1 வாட் ரெசிஸ்டராகக் கேளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 12 வோல்ட் அடாப்டரில் ஒரே ஒரு வெள்ளை எல்.இ.டி. என்றால் அதற்கு 3.2, ரெசிஸ்டருக்கு 1.25. மிச்சமுள்ள ஏழரை வோல்ட்டும் சிப்பின் தலையில். ஏழரை என்றாலே கஷ்டம்தான். இங்கே அது 2.6 வாட் சூடு. ஹீட் சிங்க் இல்லாவிட்டால் சிப் கொதித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி எழும். எல்.இ.டி. கண் சிமிட்டும், நீங்கள் மறுபடியும் ரெசிஸ்டரைத்தான் திட்டுவீர்கள். இரண்டு எல்.இ.டி.யைத் தொடராகப் போடுங்கள். சிப்பின் சூடு 1.5 வாட்டுக்கு இறங்கும், வெளிச்சமும் இரட்டிப்பு (ஹீட் சிங்க் அப்போதும் வேண்டும்). ஆசைப்பட்டு மூன்று போடாதீர்கள். சிப்புக்கு 1 வோல்ட் சொச்சம்தான் மிஞ்சும். அது மூச்சுவிடவே கிட்டத்தட்ட 2 வேண்டும்.

கே: கான்ஸ்டன்ட் கரண்ட் என்கிறீர்கள். எங்கள் தெருவில் கரண்டே கான்ஸ்டன்டாக வருவதில்லையே?
(ராஸ்தா பேட் வாசகர்)

ப: அதற்கு ரெசிஸ்டர் உதவாது. இன்வெர்ட்டர் விலையை விசாரியுங்கள்.

கே: அந்த 20 மில்லி சர்க்யூட்டில் ரெசிஸ்டருக்குப் பதில் பிரீசெட் வைத்தால் வேண்டியபடி திருகிக்கொள்ளலாமே?
(பிம்ப்ரி வாசகர்)

ப: கடைசிவரை திருகினால் ஓமும் பூஜ்யம், எல்.இ.டி.யும் பூஜ்யம். கூடவே ஒரு 56 ஓமைத் தொடராக வைத்துவிடுங்கள். எவ்வளவு திருகினாலும் சுமார் 22 மில்லியோடு நின்றுவிடும்.

கே: இரண்டு பி.சி.547 டிரான்சிஸ்டர், ஒரு 33 ஓம் வைத்த கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட். டிசம்பரில் கிட்டத்தட்ட 20 மில்லி காட்டிய சர்க்யூட் மே மாதம் 18 காட்டுகிறது. ரெசிஸ்டர் கெட்டுவிட்டதா?
(கட்கி வாசகர்)

ப: அது நிரபராதி. குற்றவாளி புனே வெயில். அந்தச் சர்க்யூட்டில் ரெசிஸ்டர் மேல் நிற்பது டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ், சுமார் 0.65. ஒரு டிகிரி ஏறினால் அது 2 மில்லிவோல்ட் இறங்கும். டிசம்பர் ராத்திரி 10 டிகிரி, மே மத்தியானம் 40 என்று வைத்தால் 60 மில்லிவோல்ட் போச்சு, அதாவது பத்தில் ஒரு பங்கு. ரெசிஸ்டரை மாற்றாதீர்கள். வெயிலில் எல்.இ.டி.யும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

கே: பி.டி.100 வெப்ப சென்சாருக்கு 1 மில்லி ஆம்பியர் கொடுக்கிறோம். சிக்னல் ரொம்பச் சின்னது. 10 மில்லி கொடுத்தால் என்ன? இன்னொன்று, அந்த 1 மில்லிக்காக 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு 2.5 கிலோ ஓம் கிடைக்கவில்லை. 2.4 சாலேல் என்கிறார்கள்.
(சாகண் தொழிற்சாலை வாசகர்)

ப: கரண்ட் 10 மடங்கானால் சென்சாருக்குள் சூடு 100 மடங்கு. நோயாளிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டுக் காய்ச்சல் பார்ப்பீர்களா? 1 மில்லியிலேயே இருங்கள்.

இரண்டாவதுதான் வம்பு. 2.4 போட்டால் கரண்ட் 4 சதவீதம் கூடும். பி.டி.100 பூஜ்ய டிகிரியில் 100 ஓம், அதன்பின் டிகிரிக்கு 0.385 ஓம்தான் ஏறும். ஆக, பனிக்கட்டியில் வைத்த சென்சார் சுமார் 11 டிகிரி என்று கூசாமல் சொல்லும். 1 சதவீதப் பிழையே இரண்டரை டிகிரி. சென்சாரோடு தொடராக 0.1 சதவீத ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, இரண்டின் வோல்டேஜையும் அளந்து வகுத்துவிடுங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால் அதன் பிழை அடிபட்டுப்போகும். அப்புறம் 2.4ம் சாலேல். அந்த 0.1 சதவீத ரெசிஸ்டருக்கு மட்டும் யாராவது 'சாலேல்' என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.