கூப்பனுக்குக் காத்திருக்கும் கீழ்வீடு

பெறுநர்:
மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: வாடகைக் கூப்பன் இன்னும் வந்து சேராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டில் எனக்கு ஒரு மாடி வீடு. மேலே நாங்கள், கீழே ஒரு போர்ஷன். 2015-ல் வாடகை வீட்டுக் கொள்கைக்கு வரைவு போட்டீர்கள். 2017-ல் நகரத்து ஏழைகளுக்கு வாடகைக் கூப்பன் வரப்போகிறது, முதலில் ஸ்மார்ட் சிட்டிகளுக்கு என்று பேப்பரில் படித்ததும் கீழ்வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்தேன். பக்கத்து ஸ்மார்ட் சிட்டி சேலம். அங்கே ரயிலேறியிருந்தால்கூட கூப்பன் இந்நேரம் பாலக்கோட்டில் இறங்கியிருக்கும். சுவரில் காரை உதிர்கிறது.

குறை சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டையோடு ஊருக்கு நடந்தார்கள். உடனே மலிவு வாடகை வளாகத் திட்டம் போட்டீர்கள். 2021-ல் மாதிரி வாடகைச் சட்டம்: வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. எங்கள் மாநிலச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, 'வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்ற பெருந்தன்மையோடு. அந்த ஒரு வரிக்குள்தான் என்னுடைய பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

கூப்பன்காரர் நல்லவரா, கைக்காசுக்காரர் நல்லவரா என்று திண்ணையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. எங்கள் ஊரில் கைக்காசுக்காரரின் வாடகை தக்காளி மார்க்கெட்டைப் பொறுத்தது. கிலோ நூறைத் தாண்டிய 2023 ஜூலை மாதிரி வந்தால் ஒண்ணாம் தேதியே கையில் காசு. கிலோ அஞ்சுக்கு இறங்கினால் பதினைந்தாம் தேதி ஒரு கூடைத் தக்காளியும் ஒரு சிரிப்பும் வரும். கூப்பன் என்றால் சர்க்கார் பணம், நிச்சயம் என்றார் ஒருவர். நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1974-லேயே ஏழைகளின் வாடகையில் அரசு பங்கு போட ஆரம்பித்துவிட்டதாம். அங்கேயும் வீட்டுக்காரர்கள் 'கூப்பன் ஆளா, வேண்டாம்' என்றிருக்கிறார்கள். அப்படிச் சொல்வதே சட்டவிரோதம் என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டன. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் தாங்கள் படிக்காமல் தாண்டிவிடவும்.

போன வாரம் மண்டியில் லோடு ஏற்றும் பையன் ஒருவன் 'வீடு வாடகைக்கு' போர்டு பார்த்து வந்தான். கையில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு, ரப்பர் பேண்டு போட்டு. "மூணு மாச அட்வான்ஸ் இப்பவே தரேங்கண்ணா." சம்சாரம், ஒரு குழந்தை. ஊர் எது என்றேன், சொன்னான். ஊரில் எந்தத் தெரு என்றேன். அதையும் சொன்னான்.

"வீட்டுக்கு நேத்தே ஆள் வந்தாச்சுப்பா. போர்டைக் கழட்ட மறந்துட்டேன்."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. காசைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான். போர்டு இன்னும் தொங்குகிறது.

ஆகவே, கூப்பனை அச்சடிக்கும்போது தொகைக்குப் பக்கத்தில் நாலு கட்டம் சேர்த்துவிடுங்கள்: என்ன ஆளுங்க, கவிச்சி சமைப்பார்களா, சொந்தக்காரர் எத்தனை பேர் வருவார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள். நாலும் சரியாக இருந்தால் தொகையைக்கூடப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஏழைகளுக்காக வீட்டைக் காலியாகவே வைத்திருக்கும்
ஒரு வீட்டுக்காரன், பாலக்கோடு.