புத்தகத்தை மூடினீர்களா?

கேள்வி: பாடத்தை நாலு முறை படித்தும் பரீட்சை ஹாலில் ஒன்றும் ஞாபகம் வருவதில்லையே, ஏன்?
(பிளஸ் டூ மாணவி, கரூர்)

பதில்: நாலு முறை படித்தீர்கள், சரி. ஒரு முறையாவது புத்தகத்தை மூடினீர்களா? ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்திலா வருகிறது? இன்று படித்ததை மூடிவைத்து எழுதுங்கள். நாளை மறுபடி, அடுத்த வாரம் இன்னொரு தடவை. தடுமாறும் இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். மஞ்சள் ஹைலைட்டரைத் தம்பியிடம் கொடுங்கள், படம் வரையட்டும். ராத்திரித் தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். படித்தது மனதில் பதிய அதுவும் வேண்டும்.