பழைய வைஸ் இலக்கணம்

உலகத்து வைஸ் எல்லாம் இரண்டே திணை: பிடிப்பவை, பிடிப்பதாகப் பேர் பண்ணுபவை. முன்னது பட்டறை மேசையில் இருக்கும். பின்னது காயலான் கடைத் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும். பிடிக்கிற வைஸ் காயலான் கடையில் கிடப்பதும் உண்டு, அது புறனடை. அந்தப் புறனடையை நம்பித்தான் சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் சிலர் தலை நிமிராமல் நடக்கிறார்கள். இந்நூல் அவர்களுக்கு உரியது. நூற்பயன், காசு மிச்சம்.

ஐ.டி.ஐ. பிட்டர் பாடநூலில் வேறொரு வகைப்பாடு உண்டு: பெஞ்ச் வைஸ், லெக் வைஸ், பைப் வைஸ், ஹேண்ட் வைஸ், பின் வைஸ். பெஞ்ச் வைஸின் அளவைத் தாடையின் அகலத்தால் சொல்ல வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மாணாக்கருக்கு இது போதும், வாங்குகிறவருக்குப் போதாது. பழைய வைஸை அதில் எது தொலைந்திருக்கிறது என்பதைக் கொண்டே வகுக்க வேண்டும். எற்றுக்கு எனின், சாதாரண வைஸில் தொலைந்ததை எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். அபூர்வ வைஸில் தொலைந்திருப்பது பெரும்பாலும் அந்த அபூர்வமேதான்.

முதல் வகை, தொலைந்தாலும் தொலையாதது. கொல்லர் பட்டறையின் லெக் வைஸ் இதற்கு உதாரணம். அதன் நீண்ட கால் தரையில் ஊன்றிச் சம்மட்டி அடியை வாங்கிக்கொள்ளும். தாடை கீழே ஒரு கீலில் அசைவதால் வாய் இணையாகத் திறக்காது. அது குற்றமன்று, குணம். விரிக்கும் பட்டை ஸ்பிரிங் இல்லையா? கொல்லரிடம் ஒரு பழைய லாரிப் பட்டாத் துண்டைக் கொடுத்தால் முடிந்தது.

இரண்டாம் வகை, தொலைந்தால் தவிக்க வைப்பது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஷிப்லி ஊரின் பார்க்கின்சன் 'பெர்ஃபெக்ட்', ஷெஃபீல்டின் 'ரெக்கார்டு' போன்ற குயிக் ரிலீஸ் வைஸ்கள் இதில் அடங்கும். நெம்புகோலை அழுத்தினால் அரை நட் திருகை விட்டு விலகும். தாடையைக் கையாலேயே இழுத்துத் தள்ளலாம். விட்டதும் நட் மரையில் போய் உட்காரும். அந்த மரை ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு. இறுக்கும் சுமை முழுவதையும் செங்குத்துப் பக்கம் தாங்கும். அரை நட்டின் பல் தேய்ந்திருந்தால் பாதி இறுக்கியதுமே 'டக்'கென்று நழுவும். கடைக்காரர் வெறும் வாயைத் திறந்து மூடிக் காட்டுவார். அது சோதனையாகாது. நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து முழுப் பலத்தோடு இறுக்குக.

மூன்றாம் வகை, தொலைந்தால் தொலைந்ததுதான். இதன் தலைமகன் எம்மர்ட் வைஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேன்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தது, காப்புரிமை 1891. வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் தச்சருக்காகச் செய்தது. அவர் வேலையில் நேர்க்கோடு குறைவு. சரிவும் வளைவும் ஆப்பு வடிவமுமே மிகுதி. ஆகவே இந்த வைஸ் மேசை விளிம்பில் நின்றபடியே சுழலும். மேல்நோக்கி மல்லாந்து படுக்கும். ஒரு தாடை சாய்ந்து கொடுத்து ஆப்பைப் பிடிக்கும். பெரிய மாடலின் தாடை 18 அங்குல அகலம். முழுசாகத் திருப்பினால், கீழே ஒளிந்திருந்த சிறு இரும்புத் தாடைகள் மேலே வரும், உலோக வேலைக்கு. முதுகைப் பார்த்து அமெரிக்கர் ஆமை முதுகு என்று பேரிட்டார்கள். இத்தனை அசைவுக்கும் இத்தனை பூட்டு வேண்டுமல்லவா? அந்தப் பூட்டுகளில் ஒன்று காணாமல் போனாலும் மற்றதெல்லாம் மேசைக்குப் பாரம். என் கணிப்பில் மனிதர் செய்த வைஸ்களில் இதுவே அறிவாளி; வாங்கத் தகாதவற்றிலும் முதலிடம் இதற்கே.

சிகாகோவில் 1941-இல் தொடங்கிய வில்ட்டன் கம்பெனியின் புல்லட் வைஸ் எவ்வகை என்று கேட்பர். திருகு உருளைக்குள் ஒளிந்திருப்பதால் தூசி படாது. எனவே தொலைவது குறைவு. ஒரு குறிப்பு மட்டும்: பழைய புல்லட்டின் அடியில் பொறித்த தேதியைப் பிறந்த தேதி என்பார் விற்பவர். அது ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி.

விற்பவர் இருவகை. எடைக்குக் கொடுப்பவர், 'வெள்ளைக்காரன் காலத்து மாலு' என்பவர். இரண்டாமவர் கடை வைஸில் புதுப் பச்சை பெயின்ட் இருந்தால் ஐயுறுக. தேங்காய் வாங்குவது போலச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவும்: 'ணங்' என்றால் நலம், 'டொக்' என்றால் எங்கோ விரிசல். அசையும் தாடையின் கழுத்தை முதலில் பார்க்க. வளைந்த ஹேண்டில் ஒரு வாக்குமூலம். யாரோ பைப்பைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள்.

இனித் துரு. தூசித் துரு துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விடும். செதில் துருவுக்கு மின்சாரம்: பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். வைஸ் எதிர்முனையில், வேண்டாத இரும்புத் துண்டு நேர்முனையில். மாற்றிக் கொடுத்தால் வைஸ் கரையும், துண்டு பளபளக்கும். நேர்முனையில் எவர்சில்வரைத் தொங்கவிடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே வெட்டவெளியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும். பள்ளத் துருவுக்கு மருந்தில்லை. ஆனால் அது பிடிமானத்தைக் கெடுப்பதுமில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கிரைண்டரை வைத்துத் தூள் பறக்க விட வேண்டாம்.

பழைய பிரிட்டிஷ் வைஸின் தாடைத் தகட்டுத் திருகு விட்வொர்த் மரை, 55 பாகை. கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகு 60 பாகை. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் துளையைத் தின்றுவிடும்.

பெயின்ட் பற்றிப் பலரும் பல சொல்வர். நீலமா பச்சையா என்பது வாட்ஸ்அப் குழுவின் கவலை. சறுக்குப் பகுதியிலும் மரையிலும் பூசாமலிருந்தால் எந்த நிறமும் சம்மதம்.

ஆகவே வாங்கப் போகும்போது ஒரு ஹாக்ஸா பிளேடைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாடையின் வலது ஓரத்தில் பிடித்து இழுங்கள், பிறகு இடது ஓரத்தில். இரண்டிலும் வராவிட்டால் விலை பேசுங்கள். ஒன்றில் வந்தாலும் கிலோ விலைக்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள்.