கார் ஷெட்டில் ஒரு தச்சர்

மரத்தைக் கொண்டு பொருள் செய்து, அதனால் வீட்டுக்குப் பொருள் சேர்ப்பவர் தச்சர். வீட்டிலுள்ள பொருளையெல்லாம் மரமாகவும் கருவியாகவும் மாற்றிவிட்டு, அவற்றைக் கொண்டு பொருள் எதையும் செய்யாதவர் இல்லத் தச்சர். முன்னவரைப் பற்றிச் சிற்ப நூல்கள் முதல் கூலி ஒப்பந்தங்கள் வரை ஏராளமான சான்றுகள் கிடைக்கின்றன; பின்னவரோ நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் தனி வீட்டுக் கார் ஷெட்டுகளில் காரைத் தெருவுக்குத் துரத்திவிட்டுக் குடியேறி, ஆய்வாளர் கண்ணில் படாமலே பெருகி வருகிறார். ஐம்பதைக் கடந்தவர், வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவராகவோ, இரவெல்லாம் அயல்நாட்டாரோடு தொலைபேசியில் பேசிக் களைத்த மென்பொருள் மேலாளராகவோ இருப்பார். உளியின் கூர்மையை முன்கை மயிரைச் சிரைத்துச் சோதிப்பது இவ்வினத்தின் வழக்கமாதலால், இடது முன்கை மட்டும் குழந்தையின் கன்னம்போல் வழவழவென்றிருப்பதே இவரை அடையாளம் காணச் சிறந்த வழி.

இந்நோய் பெரும்பாலும் ஆவணி மாதத்தில், மனைவியின் நியாயமான ஒரு கோரிக்கையிலிருந்து தொடங்குகிறது. நவராத்திரிக்குப் பொம்மைகளை அடுக்க ஐந்து படிகள் கொண்ட கொலுப்படி வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்கிட்டு, மரமும் கூலியுமாக ஒரு தொகை சொல்கிறார். "நாலு பலகையை ஆணி அடிக்கறதுக்கு இவ்வளவா? நானே செய்யறேன்" என்று கணவர் கூறும் அந்தக் கணத்தில், ஆசாரி சொன்ன தொகையைப்போல் பதின்மடங்கு செலவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டுவிடுகிறது.

படி செய்ய முதலில் வேலை மேசை வேண்டும் என்பது இல்லத் தச்சரின் முதல் கண்டுபிடிப்பு. கையால் இழைக்கும்போது, அதாவது இழைப்புளியைத் தள்ளி மரத்தின் மேற்பரப்பைச் சுருள் சுருளாகச் சீவும்போது, கட்டை நகராமல் பிடித்துக்கொள்ள ஏதேனும் வேண்டும் என்பது உண்மையே. ஆசாரி தரையில் அமர்ந்து இந்தப் பொறுப்பைத் தம் காலிடம் ஒப்படைத்துவிடுவார். இல்லத் தச்சருக்கோ கால் என்பது கருவிப் பட்டியலில் இல்லாத ஒன்றாகையால், பதினெட்டாம் நூற்றாண்டில் ரூபோ என்னும் பிரெஞ்சுக்காரர் தம் தச்சுக்கலை நூலில் வரைந்து காட்டிய, யானை ஏறினாலும் ஆடாத மேசையே வேண்டியிருக்கிறது. அம்மேசையைச் செய்ய மரத்தை அறுக்க வேண்டும்; அறுக்கும் மரத்தைத் தாங்க முக்காலிகள் வேண்டும்; முக்காலிகளைச் செய்ய, மறுபடியும், ஒரு மேசை வேண்டும். இவ்வாறு பட்டறை தன் முதல் இரண்டாண்டு உற்பத்தி முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது: மேசை, முக்காலி, உளி வைக்கும் தட்டு, உளித்தட்டை மாட்டும் அலமாரி. கொலுப்படி வரைபட நிலையில் இருக்கிறது.

அளவு பற்றிய இவருடைய கொள்கை தனிக் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டு ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் 'நூல்' என்கின்றனர். "ரெண்டு நூல் கொறச்சுக்கோ" என்றால் கால் அங்குலம் குறைக்க வேண்டும் என்று பொருள். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள இந்த அலகைக் கண்டு நகைக்கும் இல்லத் தச்சர், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் மின்னணு அளவியொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். மரமோ அறுபட்ட பின்னும் மூச்சுவிடும் பொருள். காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் நாரின் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்குவது (நீளவாக்கில் அது அசைவதேயில்லை எனலாம்) அதன் இயல்பு. சித்திரை வெயிலில் அளந்து வைத்த ஓரடி அகலத் தேக்குப் பலகை ஐப்பசி மழையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகன்று நிற்கும்போது, அவர் அளவியின் மின்கலத்தை மாற்றிப் பார்க்கிறார். பலகையின் இந்தப் பெருமூச்சு முழுவதும் ஆசாரியின் ஒரு நூலுக்குள் அடங்கிப்போவது அவர் கருத்துக்கு வருவதில்லை.

கருவி சேர்ப்பதில் உறவினர்களின் பங்கும் உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து வரும் மைத்துனர் சாக்லேட்டுக்குப் பதிலாக, உளி தீட்டும் சாணை இயந்திரம் ஒன்றைப் பெட்டியில் சுமந்து வருகிறார். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230 வோல்ட் ஆகையால், இயந்திரத்தைவிடக் கனமான ஒரு மின்மாற்றி பாரிமுனைக்குப் போய் வாங்கப்படுகிறது. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி அலைவெண்ணை மாற்றாது; அமெரிக்காவின் 60 அலைக்குப் பழகிய மோட்டார் நம் 50 அலையில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நிமிடத்துக்கு 3450 சுற்று என்று பொறிக்கப்பட்ட தகட்டைத் துடைத்துக்கொண்டே, ஏறக்குறைய 2875 சுற்றில் அது முனகுவதைக் கேட்டு நிற்கும் அவர் முகத்தில் ஊர் திரும்பிய உறவினரின் ஏக்கம் தென்படும்.

மூன்றாம் ஆண்டில் இவர் மரபுக்குத் திரும்புகிறார். குடும்பத்துக்கு இதுவே மிகவும் ஆபத்தான பருவம். 1959-இல் ஃபெவிக்கால் வருவதற்கு முன், தச்சர்கள் மரத்தை ஒட்டுவதற்கு வச்சிரம் என்னும் பசையையே நம்பியிருந்தனர் என்றும், அதைச் சூடாக்கினால் மூட்டு மீண்டும் கழன்று பழுதுபார்க்க வசதியாகும் என்றும் எங்கோ படித்துவிடுகிறார். செய்தி சரியே. வச்சிரம் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படுவது என்பதையும், அதைத் தாம் சூடாக்கிக்கொண்டிருப்பது சமையலறையின் பால் பாத்திரத்தில் என்பதையும் அவர் சேர்த்து யோசித்திருக்கலாம். அன்று முதல் மாமியார் காப்பி குடிப்பதில்லை.

வெளியிடங்களில் இவரை அழைத்துச் செல்வதும் எளிதன்று. திருமண மண்டபத்தில் நாற்காலியைக் கவிழ்த்து மூட்டுகளைப் பரிசோதிப்பார். காரைக்குடிக்குப் போனால் மற்றவர்கள் பந்தியில் அமர்ந்திருக்க, இவர் மட்டும் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிக்கொண்டு நிற்பார். அண்டை வீட்டார் பெருமையோடு காட்டும் புதிய தலைவாசல் கதவைத் தட்டிப் பார்த்து, "மேலே மட்டும்தான் தேக்கு" என்று சொல்லி, பத்தாண்டு நட்பை ஒரு தட்டில் முடித்துவைப்பார்.

இத்தகையோருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1981-இல் பதவி விட்டிறங்கியபோது, அவருடன் பணியாற்றியோர் தச்சுக் கருவிகளையே அவருக்குப் பிரிவுப் பரிசாக அளித்தனர். இச்செய்தியை இல்லத் தச்சர் வீட்டில் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. "அவர் நாற்காலி, தொட்டிலெல்லாம் செஞ்சாராமே" என்று மனைவி ஒருமுறை கேட்டதிலிருந்து எடுத்துரைப்பதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் சமையலறை அலமாரியின் கீல் கழன்று, பட்டறை இருக்கும் வீட்டுக்கே ஆசாரியை அழைக்க வேண்டியதாகிறது. கித்தான் பையிலிருந்து ஓர் உளி, ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி எடுத்துக் கால் மணி நேரத்தில் வேலையை முடித்த அவர், புறப்படும்போது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, சுவரில் வரிசையாகத் தொங்கும் கருவிகளின்முன் கோயிலில் நிற்பதுபோல் சற்று நேரம் நின்று, உண்மையான மரியாதையோடு கேட்கிறார்: "எல்லாம் அம்சமா இருக்கு சார். வேலை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

ஆயுத பூசையன்று பட்டறை தன் முழுப் பொலிவை அடைகிறது. இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள் எல்லாம் எண்ணெய் பூசிச் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, உயரவாரியாக அலமாரியில் அணிவகுத்து நிற்கின்றன; கொலு பார்க்க வரும் பெண்களுள் சிலர் வழிதவறி அங்கேயே பாட்டுப் பாடத் தொடங்கிவிடுவதும் உண்டு. உள்ளே கூடத்திலும் ஐந்து படிகள் இருக்கின்றன. மேசை ரம்பம் வந்த அட்டைப்பெட்டி அடிப்படி. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துச் செல்லும் இயந்திரப் பெட்டிகள் நான்கு. அனைத்தையும் மூடி எட்டு முழ வேட்டி. உச்சியில் மரப்பாச்சித் தம்பதியர். "படி யார் பண்ணினது மாமி?" என்று வந்தவர் கேட்க, சுண்டல் மடித்துக்கொண்டே, "மாமாதான்" என்கிறார் மனைவி. அடுத்த ஆண்டு பொம்மைகள் கூடுமென்பதால் ஏழு படி வைக்க வேண்டும் என்றும் அன்றிரவு சொல்கிறார். மறுப்பேதும் சொல்லாமல் தலையசைத்த இல்லத் தச்சர், இரண்டு பெட்டிகள் குறைவதைக் கணக்கிட்டு, எந்த இரண்டு இயந்திரங்களை வாங்குவது என்று குறித்துவைக்கப் பென்சிலைத் தேடுகிறார். அது காதில் இருக்கிறது.